பழைய கணிப்பொறிக்கு இணைய இணைப்பு

(உழவர் பயிற்சி நாளில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை நேர்த்தி, உர அளவு, களை நிர்வாகம் என்று வழக்கமாகப் பேசுபவன் நான். இன்று வயலை விட்டு வீட்டுக்குள் வந்து, உங்கள் கூடத்து மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறியைப் பற்றிப் பேசப் போகிறேன். உழவியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் இரண்டரை ஏக்கரில் சம்பா நெல் சாகுபடி செய்பவர். 2021-ஆம் ஆண்டு நவம்பர் மழையில் அந்தப் பயிர் நீரில் மூழ்கி அழுகிப் போயிற்று. பயிர்க் காப்பீட்டுக்கு அவர் உரிய காலத்தில் பணம் கட்டியிருந்தார். ரசீதும் கையில் இருந்தது. ஆனால் பக்கத்து வயல்காரர்களுக்கு இழப்பீடு வந்தபோது அவருக்கு மட்டும் வரவில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. எங்கள் நிலத்தின் புல எண் 118, உட்பிரிவு 3. விண்ணப்பத்தில் உட்பிரிவு 8 என்று ஏறியிருந்தது. பதிந்து கொடுத்தவரின் கை தவறியிருக்க வேண்டும். கைபேசிக்கு வந்த ரசீதிலும் 8 என்றே இருந்தது. கண்புரை தொடங்கியிருந்த அப்பாவுக்கு அந்தச் சின்னத் திரையில் 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியவில்லை. எங்களுக்குத் தெரிய வந்தபோது திருத்துவதற்கு உரிய நாள் கடந்துவிட்டது.

அதே வீட்டின் கூடத்தில், 2010-இல் நான் முதுகலை படிக்கப் போனபோது வாங்கிய கணிப்பொறி, பழைய வேட்டி போர்த்தியபடி சும்மா இருந்தது. அதில் இணைய இணைப்பு இருந்து, அந்த ரசீதை ஒரு தடவை பெரிய திரையில் விரித்துப் பார்த்திருந்தால், ஒரு நிமிடத்தில் பிழை தெரிந்திருக்கும். இந்த உரைக்குக் காரணம் அதுதான்.

தொலைபேசிக் கம்பியில் வந்த இணையம்

பழைய கணிப்பொறிக்கு இணைப்புக் கொடுப்பது புதிய வித்தை அன்று. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று கிடைத்தது. விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அதைத் தொடங்கியது. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்நாளில் இணையம் வந்தது வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். எண்ணைச் சுழற்றி அழைத்துப் பெறுவதால் அதை 'டயல்-அப்' என்றார்கள்.

எங்கள் வீட்டுக்கு 2003-இல் அந்த இணைப்பு வந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தாய்மாமன் நகரத்திலிருந்து பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்து, விண்டோஸ் 98 போட்டு, தம் கையாலேயே இணைப்பும் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் அந்த முறை இன்றும் எனக்கு மறக்கவில்லை. அதற்கு ஐந்து பொருள்கள் வேண்டியிருந்தன.

1. தொலைபேசிக் கம்பி.
2. மோடம் என்னும் கருவி.
3. அழைக்க வேண்டிய எண்.
4. பயனர் பெயரும் கடவுச்சொல்லும்.
5. இரு முனையிலும் உள்ள கணிப்பொறிகள் ஒத்துக்கொண்ட பேச்சு முறை. இதற்கு டிசிபி/ஐபி என்று பெயர்.

மோடம் எதற்கு என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. விநாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளைத்தான் அது கொண்டு செல்லும். கணிப்பொறிக்குத் தெரிந்ததோ 0, 1 என்னும் இரண்டு இலக்கங்கள் மட்டுமே. இந்த இலக்கங்களை ஒலியாக்கி அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் இலக்கமாக்குவதும் மோடத்தின் வேலை. இணைப்புக் கொடுக்கும்போது கீச்சென்றும் கரகரவென்றும் ஓர் ஓசை வரும். இரண்டு மோடங்களும் எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று ஒத்துப் பார்க்கும் ஓசை அது. கம்பியில் இரைச்சல் இருந்தால் குறைந்த வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும்.

மாமா செய்தது இதுதான். சுவரில் இருந்த தொலைபேசிக் கம்பியை மோடத்தில் செருகினார். மோடத்தின் மற்றொரு துளையில் தொலைபேசிக் கருவியை மாட்டினார். கணிப்பொறியில் 'டயல்-அப் நெட்வொர்க்கிங்' என்ற பகுதியைத் திறந்து, புதிய இணைப்பு என்பதைத் தேர்ந்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்தார். அழைக்க வேண்டிய எண்ணை இட்டார். பழைய இணைப்பகமாக இருந்தால் 'டோன்' முறைக்குப் பதில் 'பல்ஸ்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு பயனர் பெயர், கடவுச்சொல். அழுத்தினால் ஓசை வந்து, அடங்கி, இணைப்புக் கிடைத்தது.

அந்த இணைப்புக்குச் சில குணங்கள் உண்டு. வீட்டில் வேறு யாராவது இன்னொரு கருவியின் ரிசீவரை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். இணையத்தில் இருக்கும் நேரம் முழுவதும் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். வேகமும் மிகக் குறைவு. 56 கே என்று மோடத்தில் எழுதியிருக்கும். எங்கள் கம்பியில் 40-க்கு மேல் ஏறியதில்லை. விநாடிக்கு 40,000 இலக்கம் என்று கணக்கிட்டால், 1 எம்பி அளவுள்ள ஒரு படம் இறங்க 3 நிமிடம் 20 விநாடி ஆகும். இன்று ஒரே நாளில் நாம் செலவிடும் 1 ஜிபி அளவு அந்தக் கம்பியில் இறங்குவதற்கு ஏறத்தாழ 55 மணி நேரம், அதாவது இரண்டு பகல் இரண்டு இரவுக்கும் மேல் ஆகியிருக்கும்.

அதனால் எங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் வந்தது. அனுப்ப வேண்டிய மின் அஞ்சலை முன்கூட்டியே எழுதி வைப்போம். பார்க்க வேண்டியவற்றைத் தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்வோம். பிறகுதான் இணைப்புக் கொடுப்போம். வேலை முடிந்ததும் துண்டிப்போம். முறைப் பாசனத்தில் நம் முறை வருவதற்குள் வாய்க்கால் வெட்டி வரப்பைச் செம்மைப்படுத்தி வைப்பது போல. இந்தப் பழக்கம் இன்றும் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓர் ஐப்பசி மாத இடி மழையில், கம்பி வழியாக இறங்கிய மின்னல் எங்கள் மோடத்தைக் கருக்கிவிட்டது. இணைப்பைக் கழற்றி வைக்காமல் தூங்கப் போனது எங்கள் தவறு.

கம்பி எட்டாத ஊர்களில்

தொலைபேசிக் கம்பி நன்றாக இல்லாத ஊர்களில் என்ன செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, வானொலி அலை வழியாகக் கிராமங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். மின்சாரம் நிலையில்லாத இடங்களில் சூரிய ஒளியைப் பயன்படுத்தினார்கள். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையில் கிராம இணைய நிலையங்கள் அமைந்தன. அதன் வேகம் 35 அல்லது 70 கே அளவுதான். அந்த வேகத்திலேயே உழவர்களுக்குப் பயனுள்ள தகவல்களைக் கொண்டு சேர்த்தார்கள். எனவே இணையம் பயன்பட வேகம் மட்டும் போதாது. நமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலை

டயல்-அப் முறையின் காலம் இப்போது முடிந்துவிட்டது எனலாம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் அதை நடத்தி வந்த ஏஓஎல் நிறுவனமும் 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்திக்கொண்டது. பழைய மோடம் உங்களிடம் இருந்தால் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

ஆனால் நான் சொன்ன ஐந்து பொருள்களும் மறையவில்லை. அவை உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசிக்குள் குடியேறிவிட்டன. கம்பிக்குப் பதில் அலைக்கோபுரம். மோடம் கைபேசிக்குள். அழைக்கும் எண்ணும் பயனர் அடையாளமும் சிம் அட்டையோடு வருகின்றன. பேச்சு முறை அதே டிசிபி/ஐபி. ஆகவே கைபேசியையே மோடமாகக் கொண்டு பழைய கணிப்பொறிக்கு இணைப்புக் கொடுக்கலாம். தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கைபேசியே இருக்கும்போது கணிப்பொறி எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. சின்னத் திரை பேசவும் செய்தி பார்க்கவும் போதும். பட்டாவில் உள்ள எண்களைச் சரிபார்க்கவும், விண்ணப்பத்தை வரிக்கு வரி படிக்கவும், பல ஆண்டு ரசீதுகளைச் சேர்த்து வைக்கவும், சாகுபடிக் கணக்கு எழுதவும் பெரிய திரை வேண்டும். வயதான கண்ணுக்கு அது இன்னும் அவசியம்.

முதலில் கணிப்பொறியைச் சோதியுங்கள்

மண்ணைச் சோதிக்காமல் உரமிடுவதில்லை. அதுபோல் பெட்டியைச் சோதிக்காமல் இணைப்புக் கொடுக்க வேண்டாம்.

நெடுநாள் கிடந்த பெட்டிக்குள் தூசியும் எறும்பும் பல்லி முட்டையும் இருக்கும். மின் செருகியை முழுவதும் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். ஈரத் துணி கூடாது. உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். எலி கடித்த ஒயர் இருந்தால் மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, கடிகாரம். உள்ளே பொத்தான் வடிவத்தில் 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அதன் எண் சிஆர் 2032. பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் இதுதான். பல ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் கணிப்பொறி ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பெரும்பாலான இணையதளங்கள் திறக்க மறுக்கும். 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரிக்கும். இணைப்பில் கோளாறு என்று பலர் தேடி அலைவது இந்தச் சிறு பேட்டரியால்தான். கடிகாரக் கடையிலேயே இது கிடைக்கும்.

பிறகு நினைவகம், அதாவது 'ரேம்'. 2 ஜிபி இருந்தால் ஓரளவு நடக்கும். 4 ஜிபி இருந்தால் வசதி. 1 ஜிபிக்கும் குறைவாக இருந்தால் இன்றைய இணையதளங்களை அதில் திறக்க முயல வேண்டாம். கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

கடைசியாக, இயங்குதளம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் அந்நிறுவனத்தின் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்த இயங்குதளம் வேலியற்ற வயல் போன்றது. பயிர் வளரும், ஆடு மாடும் நுழையும். எக்ஸ்பியில் பல இணையதளங்கள் இன்று திறக்கவே மாட்டா. ஆகையால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது நல்லது. அதற்கு 2 ஜிபி நினைவகமும் 64 பிட் வகைப் பெட்டியும் வேண்டும். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பெட்டிக்கு ஒத்துவருமா என்று அதில் தெரிந்துவிடும். நிறுவும்போது பழைய கோப்புகள் அழியக்கூடும் என்பதால் குடும்பப் படங்களையும் ரசீதுகளையும் முன்னதாக வேறிடத்தில் எடுத்து வையுங்கள். ஊரில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் இருந்தால் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார்.

இணைக்கும் முறை

1. கைபேசியில் 'மொபைல் டேட்டா' வேலை செய்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் வராதது கணிப்பொறியில் வராது.

2. கைபேசியின் சார்ஜர் கேபிளால் கைபேசியையும் கணிப்பொறியையும் இணையுங்கள். மேசைக் கணிப்பொறியாக இருந்தால் பின்பக்கத் துளையில் செருகுவது நல்லது. சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தா. கைபேசியோடு வந்த கேபிளே ஏற்றது.

3. கைபேசியில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் 'ஹாட்ஸ்பாட்', 'டெதரிங்' என்று இருக்கும். அதில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கேபிளைச் செருகிய பிறகுதான் அந்த விசை உயிர் பெறும்.

4. கணிப்பொறி புதிய இணைப்பைக் கண்டுகொள்ள முதல் முறை ஓரிரு நிமிடம் ஆகலாம். விண்டோஸ் 7-ஆக இருந்தால், வீட்டு இணைப்பா பொது இணைப்பா என்று கேட்கும். 'பொது' என்று கொடுப்பது பாதுகாப்பானது.

5. உலாவியைத் திறந்து ஏதேனும் ஓர் இணையதளத்தைப் பாருங்கள். திறந்தால் இணைப்பு முடிந்தது.

இந்த முறையில் கைபேசியும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். மடிக்கணினியில் கேபிள் இல்லாமல் 'வைஃபை ஹாட்ஸ்பாட்' முறையிலும் இணைக்கலாம். அப்போது கடவுச்சொல் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தெருவில் போகிறவர் உங்கள் வாய்க்காலில் நீர் இறைத்துக்கொள்வார்.

வீட்டுக்குள் அலை குறைவாக இருந்தால் கைபேசியை ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீள வேண்டாம், தகவல் தடைப்படும்.

டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்

கணிப்பொறி நம் அனுமதி கேளாமலே பின்னணியில் பலவற்றை இறக்கிக்கொள்ளும். விண்டோஸ் 10-இல் இணைப்பின் அமைப்புக்குள் போய் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால் இது பெரிதும் குறையும். காணொளி பார்ப்பதைக் கணிப்பொறியில் தவிர்க்கவும். ஒரு மணி நேரத் தெளிவான காணொளி 1 ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும். பட்டா பார்ப்பது, ரசீது இறக்குவது, வானிலை அறிக்கை படிப்பது ஆகியவற்றுக்கு அதில் சிறு பங்கே செலவாகும்.

டயல்-அப் காலத்துப் பழக்கம் இங்கேதான் உதவும். பார்க்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு இணைப்புக் கொடுங்கள். முடிந்ததும் டெதரிங்கை நிறுத்துங்கள். செலவும் மிச்சம், பாதுகாப்பும் கூடுதல்.

இணைப்பு வராவிட்டால்

கேபிள் செருகியும் 'டெதரிங்' விசை மங்கலாகவே இருந்தால், கேபிளை மாற்றுங்கள்.

இணைந்ததாகக் காட்டியும் பக்கம் திறக்காவிட்டால், கைபேசியில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

எல்லா இணையதளமும் பாதுகாப்பற்றது என்று எச்சரித்தால், கணிப்பொறியின் தேதியைத் திருத்துங்கள். மறுநாளும் தேதி மாறினால் பேட்டரியை மாற்றுங்கள்.

சில இணையதளம் மட்டும் திறக்காவிட்டால், உலாவி பழையது. கூகுள் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 முதல் விண்டோஸ் 7-க்கு வருவதில்லை.

முதலில் எதைப் பார்ப்பது?

இணைப்புக் கிடைத்த அன்றே உங்கள் நிலத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்துப் பட்டா விவரத்தைப் பார்க்கலாம். மூன்றை ஒத்துப் பாருங்கள். பெயர் சரியா? உட்பிரிவு எண் சரியா? பரப்பு சரியா? பரப்பு அங்கே ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். 1 ஏர் 2.47 சென்ட். தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, பயிர்க் காப்பீட்டு ரசீது. பணம் கட்டிய அன்றே ரசீதைக் கணிப்பொறியில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, வங்கிக் கணக்கு எண் ஐந்தையும் ஆவணங்களோடு வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் கடைசி நாளுக்கு முன் திருத்திக்கொள்ளலாம். கடைசி நாளிலேயே பதிவு செய்பவருக்கு இந்த வாய்ப்புக் கிடையாது. ஆகவே பத்து நாள் முன்னதாகப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஓர் உறை என்று கணிப்பொறியில் திறந்து, ரசீதுகளையும் மண் பரிசோதனை முடிவுகளையும் விற்பனைச் சீட்டுகளையும் சேமியுங்கள். பென்டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை

பழைய விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். பட்டா பார்க்கலாம், பணம் அனுப்பக் கூடாது.

கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உதவித்தொகை, காப்பீடு என்ற பெயரில் 'ஏபிகே' கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அது உங்கள் கைபேசியைப் பிறர் கையில் கொடுத்துவிடும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

இடி மின்னல் நேரத்தில் மின் செருகியைக் கழற்றிவிடுங்கள். விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. எங்கள் மோடம் கற்றுத் தந்த பாடம் இது.

பயிர் பற்றிய ஐயங்களுக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 2004 முதல் இருந்து வருகிறது. கணிப்பொறி இல்லாதவர்களுக்கும் அது உதவும்.

நிறைவாக

2022-இல் நான் ஊருக்குப் போய், வேட்டியை விலக்கி, பெட்டியைத் துடைத்து, பேட்டரி மாற்றி, லினக்ஸ் நிறுவி, அப்பாவின் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்காம் நாள் அவரே கேபிளைச் செருகினார். எழுத்தைப் பெரிதாக்கும் முறையை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். சென்ற சம்பாப் பருவத்தில் காப்பீட்டு ரசீதில் பரப்பு குறைவாக ஏறியிருந்ததை அவரே கண்டுபிடித்து, நாலு நாள் மீதமிருக்கையில் போய்த் திருத்தி வந்தார். 2021-இல் போன பணம் போனதுதான். அது திரும்பி வரவில்லை.

உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பது பழமொழி. நம் நிலமும் நம் காப்பீடும் இன்று எண்களாகக் கணிப்பொறிக்குள் விளைகின்றன. அந்த வயலையும் உடையவன் போய்ப் பார்க்க வேண்டும். பிறர் பதிந்து கொடுக்கட்டும், தவறில்லை. பார்வையிடுவது உங்கள் கண்ணாக இருக்கட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூலையில் இருக்கும் பெட்டியின் துணியை விலக்கிப் பாருங்கள். தேதி சரியாகக் காட்டுகிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள்.